கோவிந்தராஜன் மாமாவும் பிஜ்லியின் எடையும்

என் அக்கா புருஷன் கோவிந்தராஜன் சந்தேகப்படாத ஆள் புனே நகரத்தில் யாரும் கிடையாது. பால்காரர் தண்ணீர் கலக்கிறார். காஸ் சிலிண்டர்காரன் பாதியை வழியிலேயே இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிவிடுகிறான். கட்கி கடைத்தெருவில் காய் விற்கும் கிழவி தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டி வைத்திருக்கிறாள். சிலிண்டர் வந்தால் வாசலிலேயே கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். கொண்டுவந்தவன் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார்.

நான் வேலை தேடி அவர் வீட்டில் தங்கியிருந்தபோது ஒருநாள் சவரப் பெட்டியில் பிளேடு ஒன்று குறைகிறது என்றார். சொல்லும்போது என் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரு வாரத் தாடியோடு உட்கார்ந்திருந்தேன். தாடியைத் தடவிக் காட்டினேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். பிளேடை நான் விற்றிருக்கலாமாம்.

அப்படிப்பட்டவரோடு என் அக்கா தர்மாம்பாள் குடும்பம் நடத்தினாள். எப்படி நடத்தினாள் என்று கேட்டால், அவர் சந்தேகத்தைத் தூசி மாதிரி தினமும் பெருக்கித் தள்ளிவிட்டு வேறு வேலை பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாமா வேலூர் ஜில்லா அணைக்கட்டுக்காரர். பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்து, குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் மருந்து போடும் பிரிவில் இருந்து, தொண்ணூற்று மூன்றில் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். கடைசியாக இருந்த ஊர் புனே. ஊருக்குத் திரும்பினால் பங்காளிகள் நிலத்தை எழுதி வாங்கிவிடுவார்கள் என்று பயந்து இங்கேயே தங்கிவிட்டார். பாஷாண் பக்கம் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் குதிரையேற்றப் பள்ளி நடத்திவந்தார். அந்த லாயத்துக்கு மாமா மேற்பார்வையாளர் ஆனார்.

அங்கே பத்துப் பன்னிரண்டு குதிரைகள். பாதிக்கு மேல் பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. அவற்றைக் குளிப்பாட்டி, தேய்த்து, தீனி வைக்க இஸ்மாயில் இருந்தார். அவரும் நம்ம பக்கத்துக்காரர்தான், சென்னைக் கிண்டி. பந்தயக் குதிரைகளோடு பருவத்துக்குப் பருவம் புனே வந்துபோய்க்கொண்டிருந்தவர், ஒரு வருஷம் திரும்பிப் போகவில்லை. லாயத்துக்குப் பின்னால் கர்னல் கொடுத்த ஓர் அறையில் மனைவியோடும் பெண்ணோடும் இருந்தார். மராத்தியும் இந்தியுமாகக் கேட்கும் ஊரில் இரண்டு தமிழர்கள் ஒரே இடத்தில் வேலை செய்தால் தோளில் கைபோட்டுக்கொள்வார்கள் என்று நினைப்போம். மாமா பத்து வருஷத்தில் இஸ்மாயிலிடம் ஒரு பீடிக்குக்கூட நெருப்புக் கேட்டதில்லை. தமிழ் தெரிந்தவன் ஏமாற்றினால் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பது அவருடைய எண்ணம்.

கொள்ளு மூட்டை வந்தால் மாமாதான் தைத்த வாயைப் பிரிப்பார். சேணம் கட்டுவதும் அவர்தான். ஔந்தில் பெரிய பெரிய அடுக்குமாடிகளில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள் காலையில் காரில் வந்து இறங்கும். சேணம் சரிந்து ஒரு பிள்ளை விழுந்தால் பழி தன் தலையில் விழும், இஸ்மாயில் வேண்டுமென்றே தளர்த்தி வைப்பான் என்று நினைத்து, தினமும் ஒவ்வொரு குதிரைக்கும் வயிற்று வாரைத் தானே இழுத்துக் கட்டினார்.

அவர் நம்பியது குதிரைகளை மட்டும்தான். மனிதன் தராசில் கை வைப்பான், குதிரை வைக்காது என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இளகும்.

குதிரையைத் தூக்கித் தராசில் நிறுத்த முடியாதல்லவா, அதனால் டேப் வைத்து அளந்து எடையைக் கணக்கிடுவார்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி, சென்டிமீட்டரில் ஓர் அளவு. தோள் முனையிலிருந்து பின்புட்டத்தின் முனை வரை நீளத்துக்கு ஓர் அளவு. சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, பதினோராயிரத்து எண்ணூற்று எண்பதால் வகுத்தால் கிலோ வந்துவிடும். குதிரை மூச்சை விட்டு முடிக்கிற நேரத்தில் டேப்பைப் படிக்க வேண்டும். மாமா மாதாமாதம் ஒன்றாம் தேதி அளந்து, லாயத்துச் சுவரில் இருந்த கரும்பலகையில் எழுதுவார். பூச்சி மருந்தும் அந்த எடைப்படிதான், கொள்ளும் அந்த எடைப்படிதான். எடை குறைந்த குதிரைக்குக் கர்னல் கூடுதல் கொள்ளு கொடுக்கச் சொல்வார். மாமாவின் பலகையில் எந்தக் குதிரைக்கும் எடை குறைந்ததே இல்லை. அது அவருக்குப் பெரிய பெருமை.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் நவம்பர் கடைசியில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, வயிற்றைப் பற்றிக் கேட்காமல், ஒன்றாம் தேதி யார் அளக்கிறார்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கர்னல் இஸ்மாயிலை அளக்கச் சொல்லியிருந்தார். அதை நான் மறைக்கப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

அவர் திரும்பி வந்து பலகையைப் பார்த்தார். எல்லாக் குதிரையும் இருபது, இருபத்தைந்து கிலோ குறைந்திருந்தது. பிஜ்லி என்ற பெட்டைக் குதிரை அவர் கையில் எப்போதும் நானூற்று எழுபத்தேழு கிலோ. இஸ்மாயில் நானூற்று ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தார். குதிரைகள் இளைத்துவிட்டனவே என்று பதறிப்போன கர்னல் வரவழைத்த கொள்ளு மூட்டைகள் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. மாமா தையல் பிரிக்காத வயிற்றைப் பிடித்துக்கொண்டு டேப்பை எடுத்தார். பிஜ்லி நானூற்று எழுபத்தேழு. மற்ற குதிரைகளும் அப்படியே, பழைய எடை.

குதிரை இளைக்கவே இல்லை, அப்புறம் மூட்டை எதற்கு? மாமா இதற்கு ஒரே பதில்தான் உண்டு என்றார்: எடையைக் குறைத்து எழுதி, கூடுதலாக வரும் மூட்டையை இஸ்மாயில் வெளியே விற்கப் பார்க்கிறான். கேட்ட எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. சந்தேகம் சளி மாதிரி, பக்கத்தில் இருப்பவனையும் பிடித்துக்கொள்ளும்.

இஸ்மாயில் சத்தியம் செய்யவில்லை, அழவில்லை. டேப்பில் தெரிந்ததைத்தான் எழுதினேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கர்னல் இரண்டு பேரையும் பார்த்தார். பத்து வருஷமாகச் சரியாக இருந்த கணக்கு ஒருவர் இல்லாத மாதத்தில் மாறினால் அவர் யாரை நம்புவார்? சனிக்கிழமைக்குள் இஸ்மாயில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார்.

அன்று மாலை அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நான் அப்போது ஆகுர்டியில் வண்டி உதிரிபாகங்கள் ஏற்றி அனுப்பும் ஒரு லாரி ஆபீசில் மேற்பார்வையாளன். அக்காவுக்கு இஸ்மாயிலின் மனைவி நூர்ஜஹானோடு பழக்கம் உண்டு, மாமாவுக்குத் தெரியாமல். அவர்கள் பெண் அந்த வருஷம் பத்தாம் வகுப்பு.

"டேய் சின்னதுர, இவுரு பேச்சக் கேட்டு அந்தாள வெளிய அனுப்பிட்டா, அந்தப் பொண்ணு மார்ச்சுல எங்க குந்திகினு பரீட்ச எழுதும்? அவன் திருடலன்னு நான் சொல்ல வரல. திருடினானா இல்லியான்னு மொதல்ல தெரியட்டும். உங்க ஆபீசுல லாரிய நிறுத்தி எட போடறீங்களே, அதுல குதிரய ஏத்தி நிறுத்தேன்."

இவ்வளவு நாள் எனக்கு இது தோன்றவில்லை. லாரியை நிறுத்தி எடை பார்க்கும் மேடையை இங்கே காட்டா என்பார்கள். ஆகுர்டியில் தடுக்கி விழுந்தால் ஒரு காட்டா. கர்னலிடம் சொன்னேன். சரி என்றார். மாமாவுக்கு என்னைவிட அதிக உற்சாகம். சர்க்கார் முத்திரை குத்திய தராசில் திருடன் மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று முதல்நாள் இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாராம்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஆபீஸ் காலி லாரி ஒன்றைக் கொண்டுபோனேன். பிஜ்லி என்றால் மின்னல், ஆனால் அந்தக் குதிரை லாரியில் ஏறிய வேகத்தைப் பார்த்தால் வேறு பெயர் வைத்திருக்கலாம். இஸ்மாயில் கூடவே பின்னால் நின்றுகொண்டார். இஸ்மாயிலைக் கண்காணிக்க மாமாவும் பின்னால் ஏறிக்கொண்டார். ஆபரேஷன் ஆன உடம்பு, முன்னால் உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இஸ்மாயிலின் ஜிப்பாப் பைகள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்ற யோசனை வந்தது. அப்படி யோசித்ததற்காக என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

காட்டாவில் முதலில் குதிரையோடு லாரியை நிறுத்தினோம். அப்புறம் குதிரையை மட்டும் இறக்கிவிட்டு அதே ஆட்களோடு மறுபடி நிறுத்தினோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குதிரை. மாமா சும்மா இருப்பாரா? தார்ப்பாயை உதறிப் பார்த்தார். உபரி டயரைத் தட்டிப் பார்த்தார். இஸ்மாயிலின் பையில் கை விட்டுப் பார்த்தார், ஒரு தீப்பெட்டியும் வெல்லக்கட்டியும் இருந்தன. குதிரை லாரியில் லத்தி போட்டிருந்தது. அதையும் பெருக்கக்கூடாது, கணக்கில் சேர வேண்டும் என்று காவல் நின்றார். காட்டாக்காரர் சீட்டைக் கொடுத்ததும் முன்பக்கம் படித்து, பின்பக்கம் திருப்பியும் பார்த்தார்.

நானூற்று ஐம்பது.

"இந்தக் காட்டாக்காரன் இன்னா ஜாதி, இன்னா ஊரு, ஒனக்குத் தெரியுமா மச்சான்? இஸ்மாயிலு நேத்தே வந்து பாத்துட்டுப் போயிருப்பான்" என்றார் மாமா என் காதில்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் வேறொரு காட்டாவுக்குப் போனோம். நடுவில் பிஜ்லி ஒரு வாளித் தண்ணீர் குடித்திருந்தது. நானூற்று ஐம்பத்தைந்து. இந்தச் சீட்டை மாமா திருப்பிப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த எங்கள் ஆபீசிலிருந்து இரும்பு அளவுகோலை வாங்கி, தன் டேப்பை அதோடு வைத்துப் பார்த்தார். டேப்பில் ஒரு குறையும் இல்லை. பிஜ்லியை அங்கேயே அளந்தார். சுற்றளவு நூற்று எண்பத்தேழு, எடை அதே நானூற்று எழுபத்தேழு.

அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. இரண்டு காட்டாவும் கோளாறு, ஏனென்றால் சரக்கைக் குறைத்துக் காட்டத்தானே காட்டா வைத்திருக்கிறார்கள். இஸ்மாயில் டேப்பைச் சதைக்குள் இறுக்கி இழுத்து அளவைக் குறைத்திருக்கிறான். எங்கே, என் கண் முன்னால் அளக்கட்டும் என்றார். இஸ்மாயில் டேப்பைச் சுற்றினார். மாமா மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்த்தார்.

நூற்று எண்பத்தேழு.

இஸ்மாயில் டேப்பையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் அளந்தப்ப இப்டி இல்லியே" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. மாமாவுக்கு அது போதும். காட்டா ஆபீசில் இருந்த போனில் கர்னலைக் கூப்பிட்டுக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று சொல்லப் போய்விட்டார்.

எனக்கு இஸ்மாயில்மேல் கோபமான கோபம் வந்தது. இவருக்காக ஆபீஸ் லாரியைக் கொண்டுவந்து அவமானப்படுகிறேனே என்று தோன்றியது. நானே அளந்துபார்க்கிறேன் என்று டேப்பை வாங்கினேன். குதிரையை நான் தொட்டதுகூடக் கிடையாது. முதுகுப் பக்கம் முனையை நான் பிடித்துக்கொள்ள, வயிற்றுக்கு அடியில் இஸ்மாயில் வாங்கிக் கொடுத்தார். நூற்று எண்பத்திரண்டு வந்தது. இறுக்கி இழுக்காதே என்று திட்டிவிட்டு, டேப்புக்கும் உடம்புக்கும் நடுவில் என் விரலைக்கூட விட்டுப் பார்த்தேன். அதேதான்.

அப்போது மாமா ஆபீசிலிருந்து இறங்கி எங்களை நோக்கி வந்தார். என் கையில் டேப் அப்படியே இருந்தது. பிஜ்லியின் காதுகள் பின்னால் மடங்கின. விலா மெல்ல உப்பியது. என் விரல் இடுக்கிலிருந்த டேப் தானாக நழுவி நகர்ந்தது. எண்பத்துமூன்று, எண்பத்துநான்கு, எண்பத்தாறு, எண்பத்தேழு. அங்கே நின்றுவிட்டது.

"மாமா, கொஞ்சம் லாரிக்குப் பின்னால போங்க" என்றேன்.

எதற்கு என்று அவர் கேட்ட விதத்திலேயே, அவரை அனுப்பிவிட்டு நாங்கள் ஏதோ செய்யப்போகிறோம் என்ற சந்தேகம் இருந்தது. ஆனாலும் போனார். குதிரை நீளமாக மூச்சு விட்டது. டேப் தொளதொளத்தது. நூற்று எண்பத்திரண்டு. வாங்க என்றேன். எண்பத்தேழு. மறுபடி போகச் சொன்னேன், மறுபடி வரச் சொன்னேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காட்டாக்காரரும் வெளியே வந்து நின்று சிரித்தார். "மாமா, ஒங்களக் கண்டா மூச்சப் புடிச்சுக்குது" என்றேன்.

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவருக்கு நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. வயிற்று வார் கட்டும்போது குதிரை மூச்சை இழுத்து உடம்பை உப்பிக்கொள்ளும், அப்போதுதான் கட்டி முடித்த பிறகு வார் தளரும் என்பது குதிரையோடு இருந்த எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே மாமா முழங்காலால் ஓர் இடி இடித்து, மூச்சு வெளியே வந்ததும் இன்னும் இரண்டு துளை ஏற்றி இறுக்குவார். பத்து வருஷம், தினமும், ஒவ்வொரு குதிரைக்கும் அவரே. வார் வருமிடத்தில்தான் டேப்பும் வரும். குதிரைக்கு வார் என்ன, டேப் என்ன? இந்த ஆள் கிட்டே வந்தால் இடி விழும், தயாராக இரு என்பது மட்டும்தான் தெரியும். குதிரை மூச்சு விடும் நேரம் பார்த்து அளந்ததாக அவர் நினைத்ததெல்லாம், அது பயந்து பயந்து பாதி விட்ட மூச்சு. அவர் கைக்குக் குதிரை எடையைச் சரியாகச் சொன்னதே இல்லை.

மாமா பிஜ்லியின் பக்கம் வரவில்லை. தூரத்திலிருந்தே அதன் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, காட்டா ஆபீசுக்குள் போனார். ஜன்னல் வழியாக அவர் இந்தி எனக்குக் கேட்டது. தப்பு தன்னுடையது, இஸ்மாயில் எழுதியதுதான் சரி என்று கர்னலிடம் சொன்னார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் வாயிலிருந்து வந்ததைக் கர்னலால் முதல் தடவை நம்ப முடியவில்லைபோல.

திரும்பும்போது முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிஞ்ச்வட் தாண்டியதும் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மனுசங்க என்னப் புடிக்காம போனா எனக்கு ஒண்ணுமில்ல மச்சான். இதுங்களும் அப்டித்தான் நெனச்சுதுங்களான்னு நெனச்சா நெஞ்சு வலிக்குது."

பிளேடுக் கதையெல்லாம் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. பாவமாக இருந்தது.

இஸ்மாயில் அறையைக் காலி செய்யவில்லை. வந்த கொள்ளு மூட்டையைக் கர்னல் திருப்பி அனுப்பவும் இல்லை. மாமா இஸ்மாயிலிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று அக்காவைக் கேட்டேன். மறுநாள் காலை சேணம் கட்டும் நேரத்தில் வாரை இஸ்மாயில் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டாராம். அவ்வளவுதான் என்றாள்.

ஆனால் மனுஷன் உடனே மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய். ஜனவரி ஒன்றாம் தேதி வேடிக்கை பார்க்க நான் லாயத்துக்குப் போயிருந்தேன். அளக்கும் வேலை இஸ்மாயிலுடையது, எழுதும் வேலை மாமாவுடையது என்று கர்னல் பிரித்துக் கொடுத்திருந்தார். மாமா முதலில் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்த்தார். பிஜ்லியின் காது மடங்கியது. ஜன்னல் ஓரமாகப் போய் ஒரு கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தார். அதற்கும் தெரிந்துவிட்டது. இஸ்மாயில் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கடைசியில் மாமா பலகையைச் சுவரிலிருந்து கழற்றி, வெளியே எடுத்துக்கொண்டு போனார். வாசல் வேப்பமரத்தடியில் லாயத்துக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று அங்கிருந்து ஒன்றும் தெரியாது. இஸ்மாயில் உள்ளேயிருந்து ஒவ்வொரு குதிரையின் பெயரையும் அளவையும் குரல் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் மாமாவின் கழுத்து பாதி திரும்பியது, பிறகு பலகைக்கே வந்தது. ஆனால் கேட்டதை எழுதினார். பிஜ்லிக்கு நூற்று எண்பத்துமூன்று என்று வந்ததையும் எழுதினார்.

அளந்து முடித்து இஸ்மாயில் வெளியே வந்து டேப்பை நீட்டினார்.

"ஒரு தரம் நீங்களும் பாத்துக்குங்க அவில்தார். மனசுல ஒண்ணும் இருக்க வேணாம்."

மாமா டேப்பைப் பார்த்தார். லாயத்துக்குள் பிஜ்லி தீனி மெல்லும் சத்தம் கேட்டது. எழுந்திருக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"வேணாம் பாய்," என்றார், திரும்பாமலே. "அது மூச்சு வுடட்டும்."